கொம்பனைக் கொன்ற செவ்வாய்

ஜூலை 8, செவ்வாய்

இன்று கொம்பனிடம் அண்ணன் ஒன்பது தடவை செத்தார். எட்டுத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது தடவை கன்ட்ரோலர் என் காதை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடியில் கீறல் மட்டும்தான்.

"உன் தலை தப்பிச்சிருச்சு, லோஷினி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்பார்.

இதை வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். போர்வைக்குள், போன் வெளிச்சத்தில். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அண்ணன் அடுத்த அறையில் தூங்குகிறார். குறட்டை நின்றால் நானும் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி வரும்போது அவருக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. முட்டிக்குள் இரும்பு வைத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டது. எங்கள் ஊர் சிகாமட்டுக்குத் திரும்பி வந்தபோது ஒரு பையில் துணி, இன்னொரு பையில் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியும் ஒரே ஒரு விளையாட்டும். அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கிறது. வீட்டில் அதற்கு 'வாள் கேம்' என்று பெயர். கோட்டை வாசலில் நிற்கும் மான்கொம்பு ராட்சசனுக்குக் கொம்பன் என்று அண்ணனே பெயர் வைத்தார். மார்ச்சிலிருந்து அவனைத் தாண்ட முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

நான் ஏன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒருநாள் மைலோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு சோபாவுக்குக் கீழே, அவருடைய வலது காலோரம் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் கேமில் வரும் பாலத்துப் பூதத்தை முதல் அடியிலேயே கொன்றுவிட்டார். "ராசிக்காரிடி நீ, நகராத" என்றார். அன்று சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து அதுதான் என் இடம். பள்ளி விட்டு வந்ததும் உட்கார வேண்டும். கால் மாற்றி உட்காரக் கூடாது. தும்மக் கூடாது.

ஜெயித்தால் என் ராசி. தோற்றாலும் என் ராசிதான்.

அம்மாவிடம் சொன்னேன். "கால் போன வெறுப்பு லா அவனுக்கு. வேற யார்கிட்ட காட்டுவான்? கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா" என்றார். என் தோளில் இருந்த காயத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூலை 12, சனி

ஏழு தடவை செத்தார். எனக்கு இடது தோளில்.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் இன்று பிசியோவுக்குப் போனார். செவ்வாய்தோறும் மருத்துவமனையில் முட்டிக்குப் பயிற்சி. இரண்டரைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவார். பகலிலேயே எழுத முடிகிறது.

இத்தனை நாள் பார்த்ததில் அந்த விளையாட்டைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அது நல்ல விளையாட்டு. பொய் சொல்ல மாட்டேன். வாளுக்கு எடை இருக்கிறது. ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. கேடயத்தில் பட்டால் ஒரு சத்தம், எலும்பில் பட்டால் வேறு சத்தம். அண்ணன் சத்தத்தை முழுவதுமாகத் திறந்துவைப்பார், கழுத்து வெட்டுப்படும்போது தரை அதிரும். முக்கியமானது, அது ஏமாற்றாது. எதிரி அடிப்பதற்கு முன்னால் ஓர் அறிகுறி காட்டுவான். கொம்பன் வலது கொம்பைச் சாய்த்தால் பாய்ச்சல். பெருமூச்சு விட்டால் சங்கிலி வீச்சு. தோற்றால் தப்பு ஆடுகிறவருடையதுதான், வேறு யாருடையதும் இல்லை. அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. தூண் ஓரமாகப் போனால் கேமரா சுவருக்குள் நுழைந்துகொள்கிறது, இருட்டில்தான் சாக வேண்டும். மருந்து குடிக்க இரண்டு விநாடி அப்படியே நிற்க வேண்டும். பெண் என்று ஒருத்திதான். நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பாள், 'பத்திரமாகத் திரும்பி வா' என்று ஒரே வசனம். எழுந்திருப்பதே இல்லை. எல்லாவற்றையும்விட மோசமான குறை, செத்தால் அந்த நெருப்பிலிருந்து கொம்பன் வரைக்கும் மூன்று நிமிடம் நடந்தே போக வேண்டும். அந்த மூன்று நிமிடம் அண்ணன் பேச மாட்டார். மூச்சு மட்டும் கேட்கும். அடி பெரும்பாலும் அந்த நடையில்தான் விழும்.

அண்ணனிடம் அறிகுறி உண்டா? இத்தனை நாளாகப் பார்க்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சார்ஜர் வயர். இரண்டாக மடித்து.

கொம்பனுக்கு உயிர் ஒரு கோடுதான் பாக்கி இருந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கினேன் — அடக்கினேன், முடியவில்லை. அண்ணன் செத்தார். கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். எறிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். "முதுகத் திருப்பு" என்றார். "இல்லண்ணே, தொண்டை, தண்ணி குடிச்சா சரியாயிடும்ணே" என்று ஏதேதோ சொன்னேன். எண்ணினேன், எண்ணினால் சீக்கிரம் முடியும் என்று. பதினொன்று வரை எண்ணினேன். அப்புறம் தரையைக் கடித்துக்கொண்டிருந்தேன் போல, வாயெல்லாம் மண் ருசி.

அப்புறம் அவரே மருந்து போட்டுவிட்டார். "நீ ஏன்டி இருமுன" என்று அழுதார்.

கொம்பன் செத்தால் இதெல்லாம் நின்றுவிடுமா?

ஜூலை 22, செவ்வாய்

ஒரு காரியம் செய்தேன். காளி அண்ணன் வந்து அண்ணனை லாரியில் மருத்துவமனைக்கு ஏற்றிப்போனதும் பெட்டியைப் போட்டேன்.

காளி அண்ணன் என்பது காளியப்பன். அண்ணனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர். எங்கள் தாமான் வீடுகளுக்கெல்லாம் கேஸ் தோங், சமையல் சிலிண்டர், கொண்டுவந்து போடுகிறவர். ஒரு தோளில் ஒரு தோங்கைத் தூக்கிக்கொண்டு போன் பேசுவார்.

என் திட்டம் இதுதான். எப்படி ஜெயிப்பது என்று நான் கண்டுபிடித்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு மெதுவாகச் சொல்லலாம். பத்தொன்பது தடவை செத்தேன். ஒவ்வொரு தடவையும் நெருப்பிலேயே கொண்டுபோய் விட்டது, எதுவும் மாறவில்லை. விளையாடிய தடயமே இல்லை. நாலரைக்கு அணைத்து, பெட்டியின் சூடு ஆற விசிறி போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

மூன்று ஐம்பதுக்குக் கொம்பனைக் கொன்றேன்.

முதல் சுற்றில் ஒரு கொம்பை ஒடித்தேன். இரண்டாவதில் காலை வெட்டினேன், மண்டியிட்டான். மூன்றாவது சுற்றில் சங்கிலியைச் சுழற்றுவான், அண்ணன் எப்போதும் சாவது அங்கேதான். நான் சாகவில்லை. வாளை அவன் தொண்டைக்குள் இறக்கியபோது கத்தினேன். மறுபடியும் இறக்கினேன். அவன் செத்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதத்தான் வேண்டும் — பிடித்திருந்தது.

அப்போதுதான் திரையின் மூலையில் சின்ன வட்டம் சுற்றியது. தானாகப் பதிவு செய்துகொண்டது. வயரைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால் கொம்பன் இல்லை, கோட்டை வாசல் திறந்து கிடக்கிறது. பழைய இடத்துக்குப் போக வழியே இல்லை. இந்த விளையாட்டில் ஒரே ஒரு பதிவுதான். நான் எழுதிய குறைகளில் இதை எழுதவில்லையே. செத்தால் எதுவும் மாறாது என்று பார்த்தேன், ஜெயித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை.

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். காளி அண்ணன். அண்ணனை மருத்துவமனையில் இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாகத் தோங் போட வந்திருக்கிறார்.

"அலமாக். நீயாம்மா கொன்ன? உங்கண்ணன் நாலு மாசமா இவனக் கும்பிட்டுக்கிட்டுல இருக்கான்."

நான் அழ ஆரம்பித்தேன். சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, அம்மாவுக்குக்கூட அப்படிக் காட்டியதில்லை. அவர் சிரிப்பு நின்றது. தோங்கைக் கீழே வைத்தார்.

"சரி, அழுவாத. நான் ஆடுனேன்னு சொல்லிக்கிறேன். என்னைய என்ன பண்ணிருவான் அவன்."

காளி அண்ணனே போய் அண்ணனைத் திரும்பக் கூட்டிவந்தார். ஆறு மணிக்கு அண்ணன் பெட்டியைப் போட்டார். திறந்த வாசலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை, நான் ஆடுவேன் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"யாரு தொட்டது?"

"நான்தான் மச்சான்" என்றார் காளி அண்ணன். "தோங் இறக்க வந்தேன்ல, சும்மா ஒரு கை போட்டேன். செத்துட்டான் லா, பாவம்."

அண்ணனும் சிரித்தார். அவர் முதுகில் தட்டினார். "எந்தக் கைலடா?"

"ரெண்டு கை இல்லாம எப்படி மச்சான் ஆடுறது?"

"மேசை மேல வை, பாப்போம். ராசியான கை."

விளையாட்டு என்றுதான் காளி அண்ணன் நினைத்தார். வலது கையை விரித்து வைத்தார். அண்ணன் அலுமினியக் கைத்தடியை இரண்டு கைகளாலும் ஓங்கினார்.

கேமில் வரும் சத்தம் போல இல்லை அது. சின்னதாக, ஈரமாக இருந்தது. கையை இழுப்பதற்குள் இரண்டாவது. மூன்றாவது வாயில். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. "நாலு மாசம், நாலு மாசம்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். காளி அண்ணன் திருப்பி அடித்திருக்கலாம். ஒரு தள்ளு தள்ளியிருந்தாலே அண்ணன் விழுந்திருப்பார். தள்ளவில்லை. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஜூலை 30, புதன்

காளி அண்ணனுக்கு மூன்று விரல் உடைந்திருக்கிறது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். தோங் நழுவிக் கையில் விழுந்து முகத்திலும் இடித்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். அம்மாவும் அதையே சொன்னார்.

அவர் மனைவி செல்வராணி அக்கா நம்பவில்லை. "பன்னெண்டு வருசமா தூக்குற மனுசனுக்கு நேத்துதான் நழுவுச்சா?" என்றார். பிறகு என்னிடம், "நீ வீட்டுலதானம்மா இருந்த? தோங்தான் விழுந்துச்சா?"

"ஆமாக்கா."

ஒரு வார்த்தைதான்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணன் முதலிலிருந்து புதிதாக ஆடுகிறார். தானே கொம்பனைக் கொல்ல வேண்டுமாம். தரையில் இன்னும் கறை இருக்கிறது. "ராசிக்காரி, வா" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்றும் இன்றும் தோசைக்கரண்டி. சூடாக இல்லை. நாளைக்குச் சூடு பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காளி அண்ணன் லாரி ஓட்ட முடியாததால் அம்மா வாடகைக் கார் பிடித்தார். பையைத் தூக்க என்னையும் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிப்போனார்கள். அண்ணன் பிசியோ அறைக்குள் போனதும் அம்மா மருந்து வரிசையில் நின்றார்.

நடைவழியில் காளி அண்ணனும் செல்வராணி அக்காவும் கட்டு மாற்றக் காத்திருந்தார்கள். காளி அண்ணனின் வாய் இன்னும் வீங்கியே இருந்தது. என்னைப் பார்த்து, "என்ன, அடுத்தவனையும் கொன்னாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். சிரிக்கப் பார்த்தார், பல் இல்லாத இடம் தெரிந்தது.

"அக்கா, தோங் விழல" என்றேன்.

"ஏய், சும்மா இரும்மா" என்றார் காளி அண்ணன்.

"தோங் விழல. அண்ணன்தான் தடியால அடிச்சாரு. கேம நான்தான் ஆடுனேன். இவரு எனக்காகப் பொய் சொன்னாரு." மூச்சு விடாமல் சொன்னேன். செல்வராணி அக்கா அவரைப் பார்க்கக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிடித்த இடம் வலித்தது, நான் முகம் சுளித்தேன். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

அவசரப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ் சாவடி இருக்கிறது. பெண் போலீஸ் ஒருவர், மலாய்க்காரர். எந்தத் தேதி, எதனால் அடித்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தேதியெல்லாம் எனக்குத் தெரிந்தது. எழுதி வைத்திருந்தேனே.

பாதியில் அம்மா மருந்துப் பையோடு ஓடிவந்தார். "என்னடி சொன்ன? என்னடி சொல்லிட்ட?" பெண் போலீஸ் என்னைத் திரும்பச் சொல்லி, சட்டையைத் தூக்கி, முதுகை அம்மாவுக்குக் காட்டினார். அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன வாரம் போலீஸ் பிடித்துப்போன அண்ணனை இன்று நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நானும் அம்மாவும் இரண்டாவது வரிசையில். நலத்துறை அதிகாரி எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

குற்றச்சாட்டைத் தமிழிலும் படித்தார்கள். காளி அண்ணனின் கையும் பல்லும் வந்தன. பிறகு என் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றி. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த விளையாட்டை ஆடியது நான்தான் என்று வந்தபோது மட்டும் தலையைத் தூக்கினார்.

ஜாமீன் எடுக்கக் குடும்பத்தார் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். அம்மா மடியில் கைப்பை இருந்தது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதில் இருந்தன, காலையில் அவர் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். மறுபடியும் கேட்டார்கள். மூடினார். எழுந்திருக்கவில்லை.

வெளியே கூட்டிப் போகும்போது அண்ணன் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு விநாடி நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"மூணாவது சுத்துல எந்தப் பக்கம் உருண்ட?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியும். பின்பக்கமும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. சங்கிலி வரும்போது அவன் காலுக்கு நடுவே, நேராக அவனை நோக்கியே உருள வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. போலீஸ்காரர் அண்ணனை நகர்த்திக்கொண்டு போனார். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் ரொம்ப தூரம் வந்த பிறகு அம்மா கேட்டார், "என்ன கேட்டான் உன்கிட்ட?"

"கொம்பன எப்படிக் கொன்னேன்னு."

"சொன்னியா?"

"இல்லம்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும், "சரி" என்றார்.