வெற்றிலை எடுக்காத கை

அண்ணே,

இன்று காலை தேக்கா சந்தையில் வெற்றிலை வாங்கினேன். கடைக்காரர் ஈரச் சாக்கை விலக்கியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. முதன்முதலில் உங்கள் மேல் வந்த கோபமும் கூடவே வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் உங்களோடு சண்டை போடுகிறேன், பாருங்கள்!

அந்த வருஷம் நம் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். ஞாயிறுதோறும் ஒரு கிளை கூடிப் பேராளர்களை அனுப்பும். கடைசியில் பேராளர்கள் எல்லாரும் மண்டபத்தில் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நின்ற இருவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். “தோத்தா கப்பல் ஏறிடுவோம். நாகப்பட்டினத்துல எறங்கி ஊரோட போயிடலாம்” என்று சொல்லிவிட்டார். நான் சிங்கப்பூரில், இந்தத் தேக்காவிலேயே பிறந்தவள். அவருடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுப்படித் தரையில் ஒரு பேராளருக்கு ஒன்றாகத் தீக்குச்சிகளை இரண்டு குவியலாக வைத்தேன். ஒன்று எங்கள் பக்கம், மற்றது அவர்கள் பக்கம். சைக்கிளில் யாராவது கிளைச் செய்தி கொண்டுவந்தால் குச்சிகளைக் கூட்டுவேன், கலைப்பேன், மறுபடி எண்ணுவேன். சோறு குழைந்துபோனது எத்தனையோ முறை. கடைசியில் இரண்டும் சமமாக வந்து நின்றன. மிச்சம் உங்கள் கிராஞ்சிக் கிளை மட்டும்தான்.

கிராஞ்சிப் பேராளர்கள் ஐந்து பேரையும் வீட்டுக்கு அழைத்து ஆட்டுக்கறி சமைத்துப் போட்டேன். வெற்றிலை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதுதான் என் வீட்டுக்காரர் கணக்கு. நான்கு பேர் எடுத்தார்கள். நீங்கள் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தீர்கள்.

“தங்கச்சி, கறி பிரமாதம் லா. வெத்தல மட்டும் வேணாம். மண்டபத்துல ரெண்டு பேரும் பேசட்டும், கேட்டுட்டுத்தான் கை தூக்குவேன்.”

என் கறியைத் தின்றுவிட்டு என்ன திமிர் என்று பற்றிக்கொண்டு வந்தது. நான்கு குச்சிகள் எங்கள் பக்கம். உங்களுடையதை அந்தப் பக்கம் வீசினேன். பிறகு எடுத்தேன். மறுபடி வீசினேன். நான்கு போதும், ஜெயிச்சாச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் தூக்கம் வரவில்லை.

தேர்தலன்று மற்றப் பெண்களோடு மண்டபத்தின் பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர் பேரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். கிராஞ்சி வரிசையில் வெற்றிலை மென்ற நான்கு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் கை மட்டும் மேலே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் இறக்கவில்லை.

தோற்றோம். வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியை இழுத்துப் போட்டேன். துணிகளை மடிக்க மடிக்க அழுகை வந்தது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

“பெட்டிய மூடு. அந்த மனுஷன் அவங்க கிளைக்காரங்க நடுவுல எனக்காகத் தனியா கை தூக்கிட்டார். நாளைக்கு அவர என்ன பாடு படுத்துவாங்களோ! அவர விட்டுட்டு எப்படிக் கப்பல் ஏறுறது?”

இதை அவர் உங்களிடம் சொன்னதே இல்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் எப்போது வந்தாலும் கறியைத்தான் அள்ளி வைத்தேன்.

இப்போதும் எங்கே தேர்தல் என்றாலும் என் கை தீப்பெட்டியைத் தேடுகிறது. இரண்டு குவியலுக்கும் நடுவில் ஒரு குச்சியைத் தனியாக வைக்கிறேன். கடைசிப் பையன் அதை எடுத்து அடுப்புப் பற்றவைக்கப் போனான். அவன் கையில் ஓர் அடி போட்டேன்.

“ஒரு குச்சிதானேம்மா?” என்றான்.

அவன் இந்த ஊரில் பிறந்ததே அந்த ஒன்றால்தான், அண்ணே.