டென்மார்க்குக்கு ஒரு சம்மதம்

மாட்டுங்கா, 12.2.1984

பூனா பயிற்சி முகாமிலிருக்கும் மகள் மெஹராஜுக்கு,

டென்மார்க் செல்லும் இந்திய பேட்மிண்டன் அணிக்கு நீ தேர்வானதைச் சங்கத்தாரின் கடிதத்தால்தான் அறிந்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைக் காட்டி நான் தடுப்பேன் என்று நீயே முடிவுசெய்து, சம்மதப் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறாய். அவர்கள் சந்தேகப்பட்டு, படிவத்தையே எனக்கு அனுப்பி, உண்மையா என்று என்னிடமே கேட்டுவிட்டார்கள்.

"உங்களவிட அழகா போட்டிருக்காளே!" என்று உன் உம்மா சிரிக்கிறாள். கட்டிடம் முழுக்க அல்வா கொடுத்தாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வங்கியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் போலிக் கையெழுத்துகளைப் பிடித்தவன் நான். இன்று முதன்முறையாக ஒரு போலியை, என்னுடையதே என்று எழுதிக்கொடுத்தேன்.

தேர்வை அடுத்த ஆண்டும் எழுதலாம். கேட்டிருந்தால் அப்போதே சம்மதித்திருப்பேன், கேட்காததுதான் குற்றம்.

வென்று திரும்பு. மீதியை நேரில் திட்டுகிறேன்.

உன் வாப்பா