பெல்லுக்குத் தனி வயர்

நந்திதுர்க், கே.ஜி.எஃப்.
ஞாயிறு காலை

அன்பு மகள் ஸ்வப்னாவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அந்தத் தான்சானியாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்டுக்கு இறங்கி, நல்லபடியாக மேலே ஏறி வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்றுதான் எழுத முடிகிறது, தெரியும் என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் பதினேழு நாளாக உன் மூணு பெல் வரவில்லை. ஃபோன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் உன் அம்மாவுக்குத்தான் வருகிறது, அதுவும் ஓகே என்று ஒரே வார்த்தை. அதனால்தான் பேப்பரில் எழுத உட்கார்ந்தேன். உன் கம்பெனியில் வேலை செய்கிற ராகேஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தோடேயே படி, ஆனால் கடைசிவரை படி.

உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும். நான் ஆள் ஏற்றுகிற கூண்டை, அதான் கேஜை, மேலும் கீழும் இழுக்கிற வைண்டிங் இன்ஜின் ஓட்டிய காலத்தில் கீழே எந்தத் தளமோ அந்த லெவலிலிருந்து மூணு பெல் வந்தால் கேஜில் ஆள் ஏறியாகிவிட்டது, பார்த்து மெதுவாக மேலே இழு என்று அர்த்தம். நீ படித்து முடித்து, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அங்கே போய் சுரங்கத்தில் இறங்கிய முதல் நாள், ஏறி வந்ததும் வீட்டு லேண்ட்லைனுக்கு மூணு ரிங் விட்டு கட் பண்ணு, நான் எடுக்க மாட்டேன், எனக்கு அந்தச் சத்தம் போதும் என்று நான்தான் சொன்னேன். மூன்று வருஷம் நீ ஒரு ஷிப்டுக்குக்கூடத் தவறவில்லை. நம் கடிகாரத்துக்கு சாயங்காலம் ஐந்தரை. அது அடித்த பிறகுதான் உன் அம்மா உலை வைப்பாள். ஐந்து மணியிலிருந்து அந்த ரிசீவரை யாரும் தொடக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம், நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து லைன் பிஸியாக இருந்துவிட்டால் என்ன செய்வது. அந்தச் சட்டம்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஒரே பிளான் விவகாரம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று நீ கேட்டாய். இப்போது ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து பார், பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு குடை, மார்க்கெட் முனையில் ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு மேஜை போட்டுக்கொண்டு டிவி, நெட், லேண்ட்லைன், இரண்டு சிம், படம் பார்க்கிற ஆப்பு ஒரு டஜன், எல்லாம் ஒரே வயரில் ஒரே பில்லில் என்று கூவிக்கொண்டிருக்கிறார்கள். பூதிகோட்டையில் தக்காளி போடுகிற உன் மாமா வீட்டுக்கும் வந்துவிட்டது, அவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஃபோனில் போர் மோட்டாரைப் போட்டுவிட்டு அதைப் பத்து பேருக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். அங்கே உங்கள் ஊரில் பெட்டிக்கடையில் ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு என்று பேச்சையும் நெட்டையும் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள் என்று நீ சொன்னாயே, எங்கே போனாலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. நமக்கு வந்தது சைலஸ் மூலமாக. அதுதான், முன்னே நம் லைன் வீடுகளுக்கெல்லாம் கேபிள் டிவி இழுத்தவன், இப்போது ஃபைபர் இழுக்கிறான். இன்னா சார், இன்னும் அந்தப் பழைய செம்பு ஒயர கட்டிக்கினு கீறீங்க, நம்பர் அதே நம்பர்தான், பாக்ஸ்லருந்து வரும், அவ்ளோதான் வித்தியாசம் என்றான். உன் அம்மா அவனுக்கு இரண்டாம் தடவை டீ கொடுத்தபோதே கையெழுத்து போட்டாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், முதல் பத்து நாள் நானும் ராஜா மாதிரிதான் இருந்தேன், கன்னடச் செய்தி, தெலுங்குப் படம், கிரிக்கெட் என்று ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. இரு, பாக்ஸில் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். எரிகிறது, பச்சைதான்.

அன்றைக்கு ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. அது ஒன்றும் புதுசில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கரண்ட் போன வீட்டில்தான் அந்த ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது, அதனால் இப்போது கரண்ட் போனால் பாக்ஸ் அணையும், அதோடு ஃபோனும் செத்துவிடும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஐந்தரை ஆயிற்று, ஆறாயிற்று, ஆறரை ஆயிற்று. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருந்தால் அது செத்துக் கிடக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், ஆனால் நான் எடுக்கவில்லை, நீ அடிக்கிற நேரம் ஆயிற்றே. உன் அம்மா மூட்டாத அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த மொபைல்களும் அதே பிளான், அந்தக் கம்பெனி டவர் நம் வீட்டுக்குள் எடுக்காது, வைஃபை இருந்தால்தான் பேச்சு. ஏழு மணிக்கு, உன் நம்பர் இருந்த மொபைலைப் பதற்றத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு, உன் ஐடி கார்டு ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து சைலஸ் கடைக்கு ஓடினேன், அவன் கடையில் இன்வர்ட்டர் இருக்கிறது. ஜெராக்ஸ் பின்பக்கம் அவசரத்துக்கு என்று போட்டிருந்த நம்பரை அவனையே போடச் சொல்லி, மூணு பெல் வரவில்லை, என் மகள் இன்னும் மேலே ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்த மைன் இங்கிலீஷில் கத்தினேன்.

அதற்கப்புறம் நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு ஆள் கணக்கில் வரவில்லை என்று தகவல் வந்தால் கேஜை நிறுத்திவிட்டு, இறங்குகிறவர்கள் ஆளுக்கொன்றாக வாங்குகிற டோக்கனையெல்லாம் எண்ண வேண்டும் என்பது அங்கே சட்டம், இங்கேயும் அப்படித்தான் இருந்தது. அடுத்த ஷிப்டுக்கு இறங்க வேண்டிய அத்தனை பேரும் நாற்பது நிமிஷம் வெளியில் நின்றார்கள். நீ கேன்டீனில் ஈரத் தலையோடு தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய், உன்னைத் தேடி நாலு பேர் ஓடி வந்தார்கள். அன்றைக்கு நீ ஃபோனில் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நூத்தி எம்பது ஆம்பளைங்க நடுவுல நான் ஒரு ஆளா நிக்கறதுக்கு மூணு வருசம் ஆச்சி நைனா, ஒரே ஃபோன்ல என்ன சின்னப் பொண்ணாக்கிட்டியே என்றாய். ஷிப்ட் இன்சார்ஜாக உன்னைப் போடுகிற பேப்பர் உங்கள் மேனேஜர் பெரியவர் மேஜையில் இருந்தது, அதைக் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர் தள்ளி வைத்துவிட்டார் என்றாய். நான் அஞ்சரைக்கு மூணு அடிச்சேன், ரெக்கார்டுல யாரோ ஒரு அம்மா கன்னடத்துல ஏதோ சொல்லுச்சி, லைன் சரியில்லனு மெசேஜ் போட்டுட்டு, ரிப்போர்ட் எழுதி குளிச்சிட்டு சாப்டப் போனேன் என்றாய். அந்த மெசேஜ் ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் வந்து சேர்ந்தது. நீ ஃபோனை வைத்தாய், அதோடு சரி.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மெயின் ரோடு வரை போகிறேன், திரும்பி வருகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. உன் அம்மா, அந்த ஃபோன் பக்கத்திலேயே கட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேலி செய்கிறாள், அவள் மட்டும் ஐந்தரைக்கு அடுப்பை மூட்டிவிடுகிறாளா என்றால் அதுவும் இல்லை. உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவுக்கும் இதில் பாதிதான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால், மதிய ஷிப்டில், கீழே பாறை வெடித்து இன்ஜின் ரூமில் என் நாற்காலியே ஆடியது. கேஜ் கீழே நிற்கிறது. பெல் இல்லாமல் லீவரைத் தொட்டால் ஏறிக்கொண்டிருக்கிறவனை நசுக்கிவிடும், அதனால் பெல் வரும்வரை தொடக்கூடாது. நான் லீவரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பெல் வரவில்லை, சரி, அந்த லெவலில் யாரும் இல்லை போல என்று மேலே இருந்தவர்களுக்கும் சொன்னேன், தேடப் போனவர்கள் அதனால் வேறு லெவலுக்குப் போனார்கள். அவ்வளவு நேரமும் கீழே மரியகுழந்தை பெல் வயரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். வயர் நடுவில் அறுந்து கிடந்தது. பக்கத்து ஷாஃப்ட் குழி வழியாக அவனை எடுத்து வந்தபோது நேரமாகிவிட்டது, ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டையை ஊன்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறானே, அந்தக் கால்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் என்னைக் கேட்டதில்லை.

போன வாரம் அவனிடம் உன் விஷயத்தைச் சொன்னேன், பார்த்தாயா, அன்றைக்கு உட்கார்ந்திருந்து தப்பு பண்ணினேன், அதனால்தான் இன்றைக்கு ஓடினேன் என்று. அவன் டீயை ஊதிக்கொண்டே, இல்லடா சம்பங்கி, ரெண்டும் ஒரே தப்புதான், அன்னிக்கி நான் இழுத்தேன், இன்னிக்கி பொண்ணு அடிச்சா, ஒயர் போச்சுன்னா ஆளே போயிட்டான்னு நீயா முடிவு பண்ணிக்கிற என்றான். அவ்வளவுதான் சொன்னான், பிறகு சர்க்கரை போதவில்லை என்று உன் அம்மாவிடம் டம்ளரை நீட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

உன் பெரியவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இன்னும் ஒருதரம் அவ மானத்த வாங்கப் போறீங்களா என்று உன் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் சொன்னது சரி, அதை நீ பார்த்துக்கொள்வாய். பிளானை நிறுத்தவில்லை, உன் அம்மாவின் சீரியல் எனக்கும் பழகிவிட்டது, பாதியில் விட முடியாது. ஆனால் வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கி, பட்டன் ஃபோன் ஒன்றில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன், ஜன்னலில் சிக்னல் நன்றாக எடுக்கிறது, ஒரு சார்ஜ் ஐந்து நாள் நிற்கிறது. பிளான்லயே ரெண்டு சிம் கீதே, தனியா இன்னாத்துக்கு சார் என்று சைலஸ் கேட்டான். கேஜுக்கு ரோப் வேறு, பெல்லுக்கு வயர் வேறு, இரண்டையும் ஒன்றாகக் கட்ட எந்த மைனிலும் விட மாட்டார்கள் என்றேன். அவன் ஒரு நாளும் கீழே இறங்கினவன் இல்லை, தலையாட்டிவிட்டுப் பில் போட்டான்.

ராகேஷ் கையில் எள்ளுப்பொடியும் புளிக்காய்ச்சலும் இருக்கிறது, எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே. உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, சர்க்கரை அப்படியேதான். நிறையத் தண்ணீர் குடி, கீழே தாகம் தெரியாது. இதோடு கவரில் உன் ஐடி கார்டு ஜெராக்ஸையும் வைத்திருக்கிறேன். அந்த அவசர நம்பர் இருப்பது அதில் மட்டும்தான், சைலஸ் ஃபோனிலிருந்தும் என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். உன் அம்மா முதலில் வேண்டாம் என்றாள், பிறகு அவளே எடுத்துக் கவரில் போட்டாள். இனி என்னால் உன் கேஜை நிறுத்த முடியாது.

இறங்குகிற நாளெல்லாம் உன் ரோப் உறுதியாக இருக்கட்டும், இன்சார்ஜ் நாற்காலி இன்றில்லாவிட்டால் நாளைக்கு உனக்கு வரட்டும், நம் கங்கையம்மன் உன் கூடவே இறங்கி உன் கூடவே ஏறட்டும். புது நம்பரைக் கவரின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். மனசு வந்தால் மூணு ரிங் விடு, நான் எடுக்க மாட்டேன். வராத நாளில், நீ அடித்துவிட்டாய், வயர்தான் சரியில்லை என்று உன் அம்மாவை உலை வைக்கச் சொல்லிவிடுவேன்.

உன் நைனா,
சம்பங்கி