அத்தையின் ரைட், ரோட், ரிட்டன்

புரட்டாசி 14, திங்கள்

வெயில். மதியம் நாலு தூறல். வெள்ளிக்கிழமை எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ், மறுபடியும். போன தடவை இந்த ஒரு பேப்பரில்தான் கோட்டை விட்டேன். தேறினால் டீச்சர் டிரெயினிங். இல்லையென்றால் காலத்துக்கும் சேற்றில்தான்.

காலையிலிருந்து ஒரே வினைச்சொல். ரைட், ரோட், ரிட்டன். ஊரெல்லாம் வாலில் 'டு' போட்டால் இறந்தகாலம், இதற்கு மட்டும் என்ன ராங்கி! முன்னால் ஒரு டபிள்யூ வேறு. எழுத வேண்டுமாம், சொல்லக் கூடாதாம். எங்கள் மாமனார் மாதிரி. வீட்டில் இருப்பார், வாய் திறக்க மாட்டார்.

உப்பு வாங்க மறந்தாயிற்று.

15, செவ்வாய்

சம்பா நடவு. பக்கத்தில் மாமியார். நான் முணுமுணுத்தது அத்தை காதில் விழுந்துவிட்டது.

"சத்தமாச் சொல்லு புள்ள. நாங்களும் கூடச் சொல்றோம், மனசுல நிக்கும்."

நடவுப் பாட்டு மாதிரி எடுத்துக்கொடுத்தார், "ரைட்டு!" வரிசை முழுக்க, "ரோட்டு! ரிட்டனு!"

"அத்தை, ரைட்டு இல்லீங்க, ரைட்."

"பரீச்ச எனக்கா, ஒனக்கா?"

ஒரே சிரிப்பு. என்ன மனுஷி!

கரையேறும்போது சங்கத்து ஆள் வந்தார். கூலி நெல் கூட்டித் தரும்வரை குறுவை அறுப்பு கிடையாது. மிராசுதார் வெளியூர் ஆள் இறக்கப்போகிறாராம், அன்றைக்கு மறியல். எப்போது? வெள்ளிக்கிழமை. நாள் பார்த்தார்கள் பார்!

17, வியாழன்

நாளைக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் மறியலுக்கு. நான் மட்டும் பேனாவைத் தூக்கிக்கொண்டு போவதா? வெட்கமாக இருந்தது. "நானும் வரேன் அத்தை" என்றேன். வந்ததே கோபம்!

"ஒன் பங்குக்கும் சேத்து நான் நிக்கிறேன். நீ போயி எழுது."

ஹால் டிக்கெட். பேனா, மை நிரப்பியாயிற்று. ரப்பர். அத்தை மடித்துத் தந்த திருநீறு.

18, வெள்ளி

கீழ்வேளூர். ரோட்டை ஒட்டின பள்ளிக்கூடம். கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். படித்தது ஒன்றும் நினைவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் வெளியே போலீஸ் வேன். மறியல் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஒரு குரல், "ரைட்டு!" அத்தையேதான். பின்னாலேயே அத்தனை பேரும், "ரோட்டு! ரிட்டனு!"

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எங்கள் ஹால் சாரிடம், "இது எந்தக் கட்சி கோஷம் சார்?"

குனிந்தவள்தான். மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. அந்த வினைச்சொல் கேள்வித்தாளில் வரவேயில்லை, பாவி.

சாயங்காலம் சோறு எடுத்துக்கொண்டு கல்யாண மண்டபம். அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அத்தை ஜன்னலோரம். முழங்கையில் சிராய்ப்பு. நான் வாய் திறப்பதற்குள், "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"நல்லா?"

"நல்லாவே."

சோற்றை வாங்கிக்கொண்டார். கண் கலங்கினமாதிரி இருந்தது, திரும்பிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு என் பங்குக்கும் சேத்து நீ போயி நில்லு."