கட்டைவிரலில் துடித்தது யாருடையது?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். இதை முதல்லயே சொல்லலைன்னா நீ கடைசி வரிக்குத் தாவிடுவே. உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடறாரா?

வார்டுல ஒரு கூத்து. பயப்படாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எழுபது வயசுத் தையல்காரர் ஒருத்தருக்கு நாடி பார்த்தேன், நூத்திப் பன்னிரண்டு! பதறிப்போய் மூத்த சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவங்க பார்த்தா அறுபத்தி நாலு.

"கட்டைவிரலையா வெச்சே? அதுலயும் நாடி ஓடும். நீ எண்ணினது உன்னோடது!"

தையல்காரர் விடுவாரா? "முதல்ல இந்தப் பொண்ணுக்கு ஒரு கட்டில் போடுங்க"ன்னார்.

உனக்கு எதுக்கு நூத்திப் பன்னிரண்டுன்னு கேட்காதே. மாடி ஏறி வந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் மூணு விரல் நுனியை மெதுவா வெச்சு, முழுசா ஒரு நிமிஷம் எண்ணினேன். அம்மா, புல்லரிச்சுப் போச்சு. எழுபது வருஷமா ஒரு நாள் லீவு போடாம, யாரும் ஏவாம, அந்த மெல்லிசான தோலுக்குக் கீழே அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. அவரோ, சாப்பாடு எப்போ வரும்னு வாசலையே பார்த்துட்டிருக்கார்!

ஒரு சின்ன வேலை. அப்பா பேப்பர் படிக்கும்போது அவர் மணிக்கட்டுல விரல் வெச்சு, ஒரு நிமிஷம் எண்ணி எழுது. கட்டைவிரலை வெச்சுடாதே, உன்னோடதுதான் வரும்.

டியூட்டிக்கு நேரமாச்சு. மறந்துபோய்க் கட்டைவிரலை வெச்சுட்டாலும் பரவாயில்லைம்மா, அந்த எண்ணை அடிச்சுடாதே. அதையும் எழுதி அனுப்பு.

உன் மகள்