சுவரைப் பூசச் சொன்னவன்

மச்சான்,

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் கொத்தனார் சுண்ணாம்பைக் குழைக்கிறார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன்.

நாமக்கல்லில் நான் வாங்கிய இந்த வீடு, முன்பு உப்பு மூட்டை அடுக்கியிருந்த வீடு. மழை பிடித்தால் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறும். பழைய பூச்சைக் கொத்தி எறிந்து, அடிச்சுவருக்குத் தார் அடித்த அன்றே கொத்தனார் சொன்னார்: "தை வரைக்கும் செவுத்தத் தொடாதீங்க சாமி. உள்ள இருக்கற ஈரம் வெளிய போகோணும்."

கார்த்திகையில் என் மகளை, உன் தங்கை பெற்றவளை, பெண் பார்க்க ஓமலூரிலிருந்து வருவதாகச் செய்தி. சுவரோ தோலுரித்த ஆடு மாதிரி நின்றது. கடலை மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பும் அவசரத்தில், "எப்படியாச்சும் பூசி மூடிப்போடு மச்சான்" என்றேன்.

நீ சிரித்தாய். "ஈரக் கடலைய மூட்டைக்கு அடியில போட்டு, மேல காஞ்சதக் கொட்டற யாவாரி புத்தி ஊடு வரைக்கும் வந்துருச்சா?" ஆனாலும் நான் சொன்னதற்காகச் சிமெண்டு வாங்கிவந்து பூசினாய்.

வந்த இடத்தில் பையனின் அப்பா சுவரில் முதுகைச் சாய்த்தார். பூச்சு பாளமாகப் பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது. "ஏனுங்க, செவுத்தையே மறைக்கறீங்க. புள்ளைகிட்ட என்னத்த மறைச்சிருக்கறீங்களோ!" என்று எழுந்துவிட்டார்.

நான் உன்னைக் கைகாட்டினேன். "இவன் பண்ணின வேலைங்க. நான் ஊர்லயே இல்லீங்க."

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உன் ஊர் சேந்தமங்கலத்துக்கு நடந்தாய். அதன்பின் நாம் பேசவே இல்லை. அடுத்த ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். ஏன் மச்சான் சும்மா இருந்தாய்? 'நீதானே பூசச் சொன்னே' என்று நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்குமே!

மறுபடி கொத்திவிட்டு, இந்த முறை ஒரு வருஷம் சுவரை மொட்டையாகவே விட்டேன். போன மாதம் வேறொரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. அவர்கள் உட்காரும் முன்பே சொன்னேன்: "ஈரத்துல பூசச் சொன்ன மடையன் நாந்தானுங்க. இப்பக் காயட்டும்னு உட்டிருக்கறேன்."

பையனின் அம்மா சிரித்தார். "எம் பையன் செவுத்தயா கட்டிக்கப் போறான்?"

அவ்வளவுதான். அன்றும் அவ்வளவில் முடிந்திருக்கலாம்.

வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் சீருக்கு உன் பங்காளி ஒருவனைக் கூப்பிடச் சொல்கிறாள் உன் தங்கை. கூப்பிடுகிறேன். நமக்குள் பேச்சு முறிந்தது யாரால் என்று மணவறையில் எவன் கேட்டாலும், இனி நான் உன்னைக் கைகாட்ட மாட்டேன்.