பதினோராம் அறையின் ஜன்னல்

மார்ச் 4

அன்புள்ள மூக்கிக்கு,

நலம்தானே? உன் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாளா?

பெரிய செய்தி. என் வாடைக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள்! வாயில் நுழையாத பெயர். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்து, விசாரித்து, சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சாப்பாட்டிலிருந்து உண்டாகும் ஏதோ ஒன்றை என் உடம்பால் உடைக்க முடியவில்லையாம். அது வியர்வையிலும் மூச்சிலும் அழுகிய மீன்போல வெளியே வருகிறதாம். பிறவிக் கோளாறு. "நீங்க சுத்தமாத்தான் இருக்கீங்கம்மா. இது உங்க தப்பு இல்ல" என்றார். நாளுக்கு மூன்று முறை குளிப்பவளுக்கு, அதைக் கேட்க முப்பத்தொரு வயது ஆகியிருக்கிறது. அவர் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். முழுதாகக் குணமாகாதாம். மீன், முட்டை, பயறு எல்லாம் குறைத்து, ஒரு தனிச் சோப்பும் போட்டால் அடங்குமாம்.

கையோடு உனக்கும் ஒரு காரியம் செய்தேன். இங்கே மூக்கு டாக்டர் கெட்டிக்காரர். காய்ச்சலில் போன மோப்பம்கூடச் சிலருக்குத் திரும்பியிருக்கிறதாம். உன் கதையைச் சொல்லி, ஏப்ரல் பத்தாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டேன். புறப்பட்டு வா.

உன் நெட்டை


மார்ச் 15

அன்பு நெட்டை,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த டாக்டரம்மா வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

என் மூக்கை விடு. அது இல்லாமலே கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றாயிற்று. தையல் கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது. மகளுக்குப் பல் முளைக்கிற நேரம் வேறு. ஏப்ரலில் நகர முடியாது. அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடேன்.

மூக்கி


மார்ச் 22

அடி மூக்கி,

சீருடைச் சாக்கெல்லாம் என்னிடம் செல்லாது. மூக்கு வேலை செய்யாத உனக்கு மூக்கி என்று பெயர் வைத்தவளே நான்தான்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. என் வாடை எனக்குத் தெரியாது. சோப்பு கேட்கிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பேன்? அம்மா "ஒண்ணுமே இல்லடி" என்பாள். அண்ணி பதில் சொல்லாமல் எழுந்து போவாள். உனக்கு மூக்கு திறந்ததும் முதலில் என்னை முகர்ந்து பார்த்துச் சொல். நீ சொன்னால் நம்புவேன். நீ என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

"அவங்க உங்களுக்கு யாரு?" என்று மூக்கு டாக்டர் கேட்டார். "எம்பக்கத்துல நிம்மதியா உட்கார்ந்த ஒரே ஆளு" என்றேன்.

உன் நெட்டை


ஏப்ரல் 2

நெட்டை,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எப்போதும் செய்தது.

விடுதியில் பதினோராம் அறைக்கு நான் வந்த அன்று, மற்ற மூவரும் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே நீ படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தாய். "நீங்க இருங்க. நான் மாடிப்படிக்குக் கீழ படுத்துக்கிறேன்" என்றாய். வார்டனிடம் ஓட இருந்தவள்தான் நான். அந்தச் சுருட்டிய படுக்கையைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன்: "எதுக்குங்க? எனக்குச் சின்ன வயசுக் காய்ச்சல்ல மூக்கே போயிடுச்சு."

ஒரு வாரத்தில் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன்னை விட்டுப் போக மனம் வரவில்லை. ஒருமுறை கெட்டுப்போன பாலை உன் எதிரிலேயே குடித்துவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேனே, அதுவும் இந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான்.

திட்டு. அடி. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நேரில் வந்து காலில் விழுகிறேன்.

மூக்கி


மே 19

அன்புள்ள உனக்கு,

டாக்டரிடம் வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோழிக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னேன்.

பால் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஜன்னல் ஞாபகம் வந்தது. பல் கிட்டுகிற குளிரிலும் அதைத் திறந்து வைத்துவிட்டு, "எனக்குப் புழுங்குதுடி" என்பாய். இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொல்வாய்.

பஸ்ஸில் யார் இடம் மாறுகிறார்கள், கடையில் யார் கைக்குட்டையை எடுக்கிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்த அறைக்குள் மட்டும்தான் எனக்கு அந்த வேலை இருக்கவில்லை. உன் ஒருத்தி முகத்தைத்தான் நான் வேவு பார்த்ததில்லை. இப்போது அந்த மூன்று வருஷத்தையும் நாள் நாளாக எடுத்து, அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் கோபமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியோடு சிநேகமாக இருக்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் இனி உன் எதிரில் உட்கார என்னால் ஆகாது. உன் மூக்கையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். நேரில் வராதே. மகளுக்கு எத்தனை பல் வந்தது என்று எழுது.

உறையை ஒட்டும் முன் இந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அதை மட்டும் எழுதாதே.

நெட்டை